தவறு செய்த பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா? குழும வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டம் சார் தன்னார்வத் தொண்டராக, பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் கூடும் நாட்களில் அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் நான். அம்மா, தாத்தா, ஆசிரியர், சில நேரம் பொருளைப் பறிகொடுத்தவர் என்று வருபவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கொடுத்து, அங்கே நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், 2015. யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையனை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்களாம். ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களா?

அனுப்பக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைப்பதற்கும் கைவிலங்கு மாட்டுவதற்கும் இடமில்லை. பிடித்த உடனே குழந்தை நலக் காவல் அலுவலரின் பொறுப்பில் ஒப்படைத்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும், பிள்ளையின் பின்னணியை விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். குழுமம் உடனே வீட்டுக்கு விடவில்லை என்றால் பிள்ளை போகும் இடம், விசாரணை நடக்கும் காலத்தில் சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர, மற்றவற்றில் முதல் தகவல் அறிக்கை பதியாமல் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் மட்டும் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. முதல் இரவில் ஸ்டேஷனுக்கு ஓடும் குடும்பத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள், வயதை வாயால் சொல்லாமல் தாளைக் காட்டிச் சொல்லுங்கள், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

பதினெட்டு முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு. ஆனா பத்தொன்பதுன்னு எழுதிட்டாங்க. இப்ப என்ன செய்றது?

சம்பவம் நடந்த நாளில் வயது என்ன என்பதுதான் கணக்கு. பிடிபட்ட நாளின் வயது அல்ல. வயதை முடிவு செய்யச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பார்க்கப்படும். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சியை வைத்துச் செய்யும் மருத்துவப் பரிசோதனை. அதை உத்தரவிட்ட 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இந்த வரிசையில் ஆதார் இல்லை.

ஓர் அம்மா மஞ்சப்பை நிறையத் தாள்களோடு வந்து, ரேஷன் அட்டை, ஆதார், தடுப்பூசி அட்டை, தேதி அச்சான முதல் பிறந்தநாள் புகைப்படம் என்று ஒவ்வொன்றாக பெஞ்சில் பரப்பினார். வேண்டிய தாள் பையின் அடியில் நாலாக மடிந்து கிடந்தது: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்த டி.சி. மடிப்பில் மை அழிந்திருந்தாலும் பிறந்த தேதி தெளிவாக இருந்தது. அதைக் கொண்டுதான் அவர் மகனின் வழக்கு பெரியவர்களின் நீதிமன்றத்திலிருந்து குழுமத்துக்கு வந்தது. சம்பவத்தின்போது சிறாராக இருந்தார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம் என்பதால் தாமதமாகிவிட்டது என்று யாரும் விட்டுவிட வேண்டியதில்லை.

ஜாமீன் போட ஆளும் இல்ல, காசும் இல்ல. பையன் உள்ளேயே கிடக்கணுமா?

பெரியவர்களின் வழக்கில் ஜாமீன் கிடைக்குமா என்பது குற்றத்தின் தன்மையைப் பொறுத்தது. இங்கே விடுவிப்பதுதான் பொது விதி. பிணையாள் இல்லாமலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் விடலாம். விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே மறுக்க முடியும். அந்தக் காரணத்தையும் எழுதியாக வேண்டும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் கடந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகப் பிள்ளையை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

உள்ளே யாரு உக்காந்திருப்பாங்க? அவன் என்ன பேசணும்?

ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். கூண்டு கிடையாது. அவன் பேச வேண்டியதைவிட முக்கியமானது, நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து தயாரிக்கும் சமூக ஆய்வு அறிக்கை. அவர் வரும் நாளில் வீட்டுக் குறைகளை மறைக்காதீர்கள். அப்பா குடிப்பதும், பையன் ஆறு மாதமாகப் பள்ளிக்குப் போகாததும் அறிக்கையில் இருந்தால்தான் அதற்கேற்ற உத்தரவு வரும்.

கடைசியில என்ன தண்டனை கொடுப்பாங்க?

கண்டித்து வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தையின் பேரில் பெற்றோரிடம் ஒப்படைப்பது, அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குச் சிறப்பு இல்லத்தில் வைப்பது ஆகியவை குழுமம் தேர்ந்தெடுக்கக் கூடியவை. இவற்றோடு பள்ளிக்குப் போக வேண்டும், தொழிற்பயிற்சியில் சேர வேண்டும், போதை மீட்புச் சிகிச்சை பெற வேண்டும், குறிப்பிட்ட இடத்துக்குப் போகக் கூடாது என்றும் உத்தரவிடலாம். பெற்றோர் பெரும்பாலும் முதல் பகுதியைக் கேட்டதும் பெருமூச்சு விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பையனின் அடுத்த இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிப்பது இரண்டாவது பகுதி.

அவனேதான் முடிவு பண்ணிப் போனான். அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?

முடிவு அவனுடையதுதான், அதை நான் மறுப்பதில்லை. ஆனால் அந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். செல்போன் பறிப்பு வழக்கில் வந்த ஒரு பதினாறு வயதுப் பையனிடம் கேட்டேன். "அண்ணன் வண்டிய நிறுத்தி ஏறுன்னாரு. ஏறலைன்னா நாளைலேர்ந்து பேச மாட்டாரு" என்றான். வேறு யார் உன்னோடு பேசுவார்கள் என்றேன், வெகுநேரம் யோசித்தான். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வண்டியில் ஏறியது மூன்று விநாடி முடிவு. ஏறாமல் இருப்பதற்கு வேண்டிய வேறு மனிதர்களை அவன் அந்த எட்டு மாதத்தில் ஒவ்வொருவராக இழந்திருந்தான்.

இந்த வயதில் கூட்டாளியின் பார்வை எவ்வளவு கனமானது என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான கார்ட்னர், ஸ்டைன்பர்க் ஆகிய உளவியலாளர்களின் ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதினர், தனியாக ஆடியதைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தை ஏற்றார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சரி எது, தவறு எது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நண்பன் பக்கத்தில் நிற்கும்போது அது கைக்கு எட்டுவதில்லை.

வளரிளம் பருவத்தில் தவறு செய்பவர்களில் பெரும்பாலோர் வயது ஏற ஏற விட்டுவிடுகிறார்கள் என்றும், வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்கள் சிறு பகுதியினரே என்றும் டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் எழுதினார். அப்படியானால் பெரியவர்களின் வேலை, தானாக விட்டுவிடக் கூடியவனை விட முடியாத இடத்தில் தள்ளாமல் இருப்பது. படிப்பு நிற்பதும், ஊரில் "திருட்டுப் பய" என்ற பெயர் ஒட்டிக்கொள்வதும் அப்படிப்பட்ட தள்ளல்கள்.

ஒரு தடவை ஜெயிலைச் சுத்திக் காட்டி நல்லா மிரட்டினா திருந்திட மாட்டானா?

இதை நல்லெண்ணத்தோடு கேட்பவர்களே அதிகம்; ஒரு தலைமை ஆசிரியரும் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970-களில் இதைச் செய்தார்கள். ஆயுள் கைதிகள் பையன்களைச் சுற்றி நின்று கத்தி, சிறை வாழ்க்கையின் கொடூரத்தைச் சொல்லி மிரட்டினார்கள். பிறகு இப்படிப்பட்ட திட்டங்களை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட பிள்ளைகள், அந்தத் திட்டத்தில் சேராத பிள்ளைகளைவிட அதிகமாகவே மறுபடி குற்றத்தில் சிக்கியிருந்தது தெரிந்தது. அடியும் இதே கதைதான். அடிக்கு அஞ்சும் பையன் அடிப்பவரைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கிறான். அதாவது வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறான்.

கூர்நோக்கு இல்லத்துக்குப் போனா இன்னும் கெட்டுத்தான் வருவானாமே?

இந்தப் பயத்தைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் வழியாகச் சிறாருக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம். அதே மண்ணில், 2022 டிசம்பர் கடைசியில், செங்கல்பட்டு அரசு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. அவர் 2023-இல் அறிக்கை அளித்தார்.

ஆகவே பிள்ளை இல்லத்தில் இருக்கும் நாட்களில் பார்க்கப் போவதை நிறுத்தாதீர்கள். உடம்பில் காயம் இருக்கிறதா, பேச்சில் தயக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் குழுமத்திடம் எழுத்தில் கொடுங்கள். இல்லங்களை மாதம் ஒரு முறையாவது பார்வையிடுவது குழுமத்தின் கடமை. யாரும் பார்க்க வராத பிள்ளை யாரென்பது இல்லத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பதினாறு முடிஞ்சா பெரியவங்க மாதிரிதான் விசாரிப்பாங்கன்னு டிவியில சொன்னாங்களே?

எல்லா வழக்கிலும் இல்லை. 2012-இல் டெல்லியில் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி இறந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் சிறாராக இருந்ததை ஒட்டி எழுந்த கோபத்தில் பிறந்த பிரிவு இது. பதினாறு நிரம்பிய சிறார், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்தைச் செய்ததாகச் சொல்லப்பட்டால், அதைச் செய்வதற்கான மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் முதலில் மதிப்பிடும். குழுமத்தில் குழந்தை உளவியல் அறிந்தவர் இல்லாவிட்டால் உளவியலாளரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அதற்குப் பிறகே வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த நீதிமன்றமும் பெரியவராக விசாரிக்க வேண்டுமா என்பதைத் தானாக இன்னொரு முறை முடிவு செய்ய வேண்டும். அப்போதும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறைக்கும் அனுப்ப முடியாது.

அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டைத் தாண்டினாலும், ஏழு ஆண்டுக் குறைந்தபட்சம் என்று சொல்லாத குற்றங்கள் தீவிரக் குற்றமே தவிர கொடுங்குற்றம் ஆகா என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் ஷில்பா மித்தல் வழக்கில் தீர்ப்பாயிற்று. வழிப்பறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு, குறைந்தபட்சம் இல்லை. எனவே இந்த மதிப்பீடு வராது. அதே வழிப்பறியில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தால் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாது. கிளம்பும்போது "சும்மா இருக்கட்டும்" என்று கத்தியை இடுப்பில் செருகியதும், பிறகு அதை எடுத்து நீட்டியதும் ஒரு பையனின் வழக்கை வேறு கட்டடத்துக்கே மாற்றிவிடக் கூடும் என்பதைப் பள்ளிகளில் பேசும்போது நான் தவறாமல் சொல்வதுண்டு.

அந்தப் பொண்ணும் விரும்பித்தான் போச்சு. போக்சோ போட்டுட்டாங்க. இது நியாயமா?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்பதற்கு மதிப்பில்லை. உடலுறவு சார்ந்த குற்றச்சாட்டுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு என்பதால், பதினாறு நிரம்பிய பையன் முந்தைய பதிலில் சொன்ன மதிப்பீட்டுக்குள் வந்துவிடுகிறான். பரஸ்பரம் விரும்பிய வளரிளம் பருவத்தினரின் உறவைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அது அந்த வழக்கின் உண்மைகளை ஒட்டிய உத்தரவு. எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது. வழக்கறிஞர் இல்லாமல் இதில் ஓர் அடியும் வைக்காதீர்கள். பெண்ணின் வீட்டாரிடம் சமாதானம் பேசப் போவது பல நேரங்களில் மிரட்டல் புகாராக மாறுகிறது.

பள்ளிக்கூடத்துல டி.சி. கொடுத்து அனுப்பிட்டாங்க. படிப்பு அவ்வளவுதானா?

என் அனுபவத்தில், குழுமம் கொடுத்த வாய்ப்பு பெரும்பாலும் நழுவுவது இந்த இடத்தில்தான். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் உள்ள வகுப்புகளில், "நீங்களே வாங்கிட்டுப் போயிடுங்க, அவனுக்கும் நல்லது" என்று சொல்லி, பெற்றோரே கேட்டு வாங்கியதாக எழுதி வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் நன்னடத்தை அலுவலரையோ மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ கூப்பிடுங்கள். பள்ளிக்குப் போக வேண்டும் என்று குழுமமே உத்தரவிட்டிருந்தால், அந்த உத்தரவைப் பற்றி அவர்கள் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் பேசுவார்கள்.

பள்ளி முடிந்தே போனாலும் கதவுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேரலாம். கையால் செய்யும் வேலையில் நாட்டமுள்ள பையனுக்கு, ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவோடு மறுபடி மல்லுக்கட்டுவதைவிட ஐ.டி.ஐ. நல்லது என்பது என் கருத்து. ஒன்றே ஒன்று: சேர்க்கை தொடங்கும் வரை வீட்டில் சும்மா இருக்க விடாதீர்கள். சும்மா இருக்கும் மூன்று மாதத்தில் பழைய வண்டி வாசலுக்கு வந்துவிடும்.

நாளைக்கு போலீஸ் வேலைக்குப் போட்டா, கேஸ் இருந்துச்சான்னு கேப்பாங்களே. என்ன எழுதறது?

இந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட பிள்ளைக்கு, தண்டனையால் வரும் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக் காலமும் விதியில் சொன்ன காலமும் முடிந்த பின் பதிவேடுகளை அழிக்க வேண்டும். முடிந்த வழக்கின் பதிவை நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது. பதினாறு நிரம்பி, பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சிறார் வயதில் இருந்த வழக்கைக் காட்டி மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஒருவருக்கு வேலை மறுத்தபோது, அப்படிப்பட்ட கறை பிற்காலத்தில் ஒட்டியிருக்கக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனாலும் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று எழுதச் சொல்ல மாட்டேன். "தண்டிக்கப்பட்டதுண்டா" என்ற கேள்வியும் "கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு இருந்ததுண்டா" என்ற கேள்வியும் வேறு வேறு. வழக்கைவிட, வழக்கை மறைத்தார் என்ற காரணத்தால் வேலை பறிபோனவர்கள் உண்டு. படிவத்தின் அசல் வாசகத்தோடு சட்ட உதவி வழக்கறிஞரைப் பாருங்கள்; குழும உத்தரவின் நகலை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பறிச்சவனுக்கு இவ்வளவு வாய்ப்பு. பறிகொடுத்த எனக்கு என்னங்க இருக்கு?

கையில் தையல் போட்ட கட்டோடு ஓர் அம்மையார் இதைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருடைய கோபத்தில் தவறு இல்லை. மீட்கப்பட்ட பொருளை வழக்கு முடியும் முன்பே திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்பதையும், காயத்துக்கு இழப்பீடு கேட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டது அதைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும்.

அவருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. அவரிடமிருந்து பறித்த செல்போனை வாங்கி விற்றவர் நாற்பது வயதுக்காரர். பையன்களை ஏவியவரும் அவரே. பெரியவர்கள் குழந்தைகளைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் 83-ஆம் பிரிவில் உண்டு. பையனை மட்டும் பிடித்து வழக்கை முடித்தால் அந்த ஆள் அடுத்த வாரம் வேறொரு பையனைப் பிடித்துக்கொள்வார். புகார் கொடுப்பவர்கள் இந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது பலன் தரும்.

ரெண்டாவது தடவையும் செஞ்சுட்டான். இனி எதுக்கு அவனுக்கு வாய்ப்பு?

ஒரு முறைதான் வாய்ப்பு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. முந்தைய சம்பவத்தைக் குழுமம் கணக்கில் எடுக்கும் என்பது உண்மை. இந்தக் கேள்வி வந்தால் நான் முதல் உத்தரவை எடுத்து வரிவரியாகப் பார்ப்பேன். போதை மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்று ஒருவனுக்கு எழுதியிருந்தது. மையம் 40 கிலோமீட்டர் தள்ளி. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். இரண்டு முறை போய்விட்டு நின்றுவிட்டார்கள். அவனுக்கு இது இரண்டாவது வாய்ப்பு என்று கோப்பில் இருக்கலாம். என் கணக்கில் முதல் வாய்ப்பே இன்னும் அவன் கைக்கு வந்து சேரவில்லை.

அக்கா, ஊருக்குப் போனா அதே பசங்கதான் இருப்பாங்க. கூப்பிட்டா நான் என்ன சொல்றது?

பெற்றோர் யாரும் கேட்காத இந்தக் கேள்வியை, மேலே சொன்ன அந்த வண்டிப் பையன் கேட்டான். நல்ல நண்பர்களைத் தேடிக்கொள் என்று சொல்வதால் பயனில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்கும்போது சொல்ல அவனுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். கோழை என்ற பெயர் வாங்காமல் மறுக்கவும் வேண்டும். "எனக்குப் பிடிக்கல" என்பது அவன் வாயில் வராது. "குழுமத்துல ஆர்டர் போட்டிருக்காங்க, மார்க்கெட் பக்கம் வந்தா மறுபடி உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, மாசாமாசம் ஆபீசர் வந்து பாக்குறார்" என்று பழியை எங்கள் மேல் போடச் சொன்னேன். முன்னே சொன்ன, குறிப்பிட்ட இடத்துக்குப் போகக் கூடாது என்ற உத்தரவு இப்படியும் பயன்படும்.

அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு, "அது நெசமாவே எழுத்துல இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். ஜெராக்ஸ் ஒன்று எடுத்துத் தரச் சொல்லி, வாங்கி, மார்க்கெட் என்று எழுதியிருந்த வரியை விரலால் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.